வானொலி அஞ்சலும் குரலேவலும்

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று நோக்குவோர்க்குக் காட்சியின் எல்லை தொடுவானமே. இவ்வூரிற் புறப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்க நாட்டின் குளொஸ்ரர்த் துறையை அடைந்த செய்தியை நாம் பெருமையுடன் பேசுகின்றோம். நம்மவர் தொடுவானத்தைக் கடந்தனர். ஆயினும் கரையில் நின்றார் குரல் அதனைக் கடந்திலது. குரல் அவ்வெல்லையைக் கடந்த வரலாற்றையும், அது நமக்குணர்த்தும் பாடத்தையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கொழும்புத் தந்தி அலுவலகத்திற் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் 1923 ஆம் ஆண்டிற் பரிசோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். 1925 டிசெம்பர் 16 இல் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆர்வலர்களைத் திரட்டி வானொலிக் கழகமொன்றையும் அவர் நிறுவினார். ஊதியங் கருதாது, அரசின் உரிமமும் தமக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்று உலகத்தாரோடு உரையாடும் இவ்வார்வலரையே அமெச்சூர் வானொலியாளர் என்பர்.

இவர்கள் கையடக்கக் கருவிகளிற் பயன்படுத்தும் மீயுயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. கண்ணைப் போலவே தொடுவானத்தில் நின்றுவிடுவன. இக்குறையைத் தீர்ப்பதே ரிப்பீற்றர் எனப்படும் அஞ்சல் நிலையம். உயர்ந்த இடத்திலிருந்து ஓர் அதிர்வெண்ணிற் கேட்டதை அதே கணத்தில் மற்றோர் அதிர்வெண்ணில் வலுவுடன் அது திருப்பி அனுப்பும். குன்றேதுமற்ற நம் குடாநாட்டில் உயர்ந்த கோபுரமே அதற்குத் துணை. பிற்காலத்தில் இலங்கையைத் தம் இல்லமாக்கிக்கொண்ட ஆதர் சி. கிளாக், அஞ்சல் நிலையத்தை விண்ணிலேயே நிறுத்தலாமென 1945 ஆம் ஆண்டில் எழுதினார். 2005 மே 5 இல் இந்தியா ஏவிய ஹாம்சற் என்னுஞ் சிறு செய்மதி, 2014 வரை அமெச்சூர் வானொலியாளரின் குரலை அஞ்சல் செய்தது.

அஞ்சல் நிலையத்தை ஏவுதற்கு முன்னர் எண்பொத்தான்களின் தொனிகளே பயன்பட்டன. 2002 ஆம் ஆண்டில் எக்கோலிங் முறை தோன்றி, நிலையங்களை இணையவழியாக இணைத்தது. 2014 இல் அலெக்சா என்னுங் குரலுதவிக் கருவி வெளிவந்தபின், ஆர்வலர் சிலர் வாய்மொழியாலேயே தம் நிலையங்களை ஏவக் கற்றனர். கண்பார்வை இழந்தோர்க்கும் விரல் வலுவற்றோர்க்கும் இது பெருநன்மை என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒன்று சிந்திக்கற்பாலது. நாம் இடும் ஏவல் அருகிலுள்ள கருவியில் முடிவதன்று. அது இணையவழியே தொலைதேசக் கணினிகளை அடைந்து, அங்கே பொருள்கொள்ளப்பட்டு, மீண்டு வருகின்றது. அவ்வழி அறுந்தால் உதவியாளன் ஊமையாவான். அஞ்சல் நிலையமோ மின்கலமொன்றின் துணையுடன் தொடர்ந்து உழைக்கும்.

இஃது வெறுங் கற்பனையன்று. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுந்தபோது தொலைபேசிகள் செயலிழந்தன. விக்டர் குணதிலக்க முதலிய இலங்கை வானொலிச் சங்கத்தார் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலையால் இணைத்தனர். அந்தமானின் போட் பிளேயரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் அத்தகைய தொண்டே ஆற்றினார். நம் வடமராட்சிக் கரையும் அன்று பேரழிவுக்குள்ளாயிற்று என்பதை நாம் மறத்தற்கில்லை.

அதற்கும் முன்னர், 1990 களில், மின்சாரமும் மின்கலங்களுமின்றி இடருற்ற காலத்திலே, நம் மக்கள் சைக்கிளின் மிதியைச் சுழற்றி, டைனமோ தந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். கருவியின் இயல்பை அறிந்திருந்தமையாலன்றோ அது கைகூடிற்று?

ஆகவே, மாணவர்காள், குரலுக்கு ஏவல் செய்யுங் கருவியை வேண்டாமென்று தள்ள வேண்டுவதில்லை. அது பணியாளாக இருக்கட்டும், பாதையாகிவிடலாகாது. அழைப்புக்குறியும் அதனோடு வரும் பொறுப்பும் உரிமம் பெற்ற மனிதனுக்கே உரியன. வாயாற் பணிக்கக் கற்பதற்கு முன், கையால் இயக்கவும் பழுது நீக்கவுங் கற்பீர்களாக. தொடுவானத்துக்கு அப்பாலிருந்து ஒருவன் உதவி வேண்டி அழைக்கும் நாளில், அக்கல்வியே அவனுக்கு விடையளிக்கும்.