கைவிடப்பட்ட இரு துறைமுகங்கள்

கடல்கோள் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதற்குச் சோழ மன்னன் இந்திர விழாவை மறந்ததைக் காரணமாகக் கூறுகிறது மணிமேகலை. அழிந்த ஊரை மீண்டும் எடுப்பதா, விடுப்பதா என்னும் வினா அங்கே எழவில்லை. தெய்வம் தீர்ப்புரைத்த இடத்தில் மனிதர் கூடி முடிவெடுக்க என்ன இருக்கிறது? நம் காலத்திலோ அம்முடிவு கோப்புகளில் எழுதப்படுகிறது. அதை எழுதுவோர் எதை அளவுகோலாகக் கொண்டனர் என்பதை இரண்டு ஊர்களின் வரலாற்றைக் கொண்டு நோக்குவோம். ஒன்று, நம் தாய்மண்ணின் தென்கிழக்கு முனையில் இருந்த தனுஷ்கோடி. மற்றொன்று, கல்கத்தாவில் வாழும் நாம் சியால்தா நிலையத்தில் நாள்தோறும் பெயரைக் கேட்டும் கதையைக் கேட்காத கானிங்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹூக்ளி ஆறு மணலால் தூர்ந்துபோகும், கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுவிடும் என்னும் அச்சம் வணிகரிடையே பரவியது. மாற்றுத் துறைமுகத்திற்குத் தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையைத் தேர்ந்தனர். வங்க மொழியில் 'மாதால்' என்றால் குடிவெறி கொண்டவன். ஆற்றின் பெயரை அச்சொல்லோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. பெயரே எச்சரிக்கை என்று கொள்ளலாம். பெயரைப் பொருட்படுத்தாவிட்டாலும், ஹென்றி பிடிங்டன் என்பவரின் சொல்லையேனும் கேட்டிருக்கலாம். சுழன்றடிக்கும் புயலுக்குச் 'சைக்ளோன்' என்று பெயரிட்டவர் அவரே. கல்கத்தாவில் இருந்துகொண்டு கப்பல்களின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, வங்கக் கடலின் புயல்களை அவரளவு அறிந்தவர் அந்நாளில் இலர். புயலோடு சேர்ந்து எழும் கடல் ஒருநாள் அவ்விடத்தை மூழ்கடிக்கும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குக் கடிதமாகவே எழுதி அச்சிட்டார். எவரும் செவிசாய்க்கவில்லை. 1858இல் பிடிங்டன் மறைந்தார். வைசிராய் கானிங்கின் பெயரால் நகரம் எழுந்தது. இருப்புப்பாதை வந்தது; துறைமுகக் கம்பெனியின் பங்குகள் வானளாவ ஏறி, பின்பு சரிந்தன. 1867 நவம்பரில் புயல் வந்தது. வங்கம் கண்ட பெரும்புயல்களுள் அதை ஒன்றாக எண்ணுவாரில்லை. அதற்கே ரயில் நிலையமும் சரக்குக் கொட்டகையும் வீழ்ந்தன. ஏற்கெனவே கப்பல்கள் குறைந்திருந்தன. சில ஆண்டுகளில் துறைமுகம் மூடப்பட்டது.

கட்டாமல் விட்டது சரியா என்று கேட்குமுன், மீண்டும் கட்டியவர் கொடுத்த விலையையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் ஒரு மணல் தீவின்மேல் அமைந்த செல்வ நகரம். 1900 செப்டம்பர் 8ஆம் நாள் வீசிய புயலில் அங்கே 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். நகரத்தார் இடம்பெயர மறுத்தனர். 17 அடி உயரத்திற்குக் கடற்சுவர் எழுப்பினர். அத்தோடு நில்லாமல், 2,000க்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடியில் மணலை நிரப்பி, ஊரின் தரையையே உயர்த்தினர். 1915இல் அதற்கு நிகரான புயல் வந்தபோது நகரம் நிலைத்தது. ஆயினும் வணிகம் திரும்பவில்லை. உள்நாட்டில் பாதுகாப்பாக இருந்த ஹூஸ்டனுக்கு ஆழமான கப்பல் வாய்க்கால் 1914இலேயே திறக்கப்பட்டிருந்தது. உயிர்கள் காக்கப்பட்டன, பழைய பெருமை காக்கப்படவில்லை. அந்தப் பேரத்தில் நட்டம் என்று நான் கருதவில்லை.

இனித் தனுஷ்கோடி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், எழும்பூரில் ஏறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல வழி பிறந்தது. தனுஷ்கோடியில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றவர், வணிகர், யாத்திரிகர் எல்லார்க்கும் அதுவே வாயில். சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, மாதாகோவில் என ஓர் ஊருக்குரிய அனைத்தும் இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டின்மேல் அமைந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் வண்டியை அலை விழுங்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். புயலில் மடிந்தோர் மொத்தம் 1,800 பேர் இருக்கலாம் என்பர்.

அதன்பின் நடந்ததே நம் ஆய்வுக்கு முதன்மையானது. புயலில் பாம்பன் பாலத்தின் 100க்கு மேற்பட்ட உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. பின்னாளில் கொங்கண் ரயில்வேயாலும் தில்லி மெட்ரோவாலும் புகழ்பெற்ற ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர் அவற்றைக் கடலடியிலிருந்து தேடி எடுப்பித்து, 46 நாள்களில் பாலத்தைச் செப்பனிட்டார். இராமேசுவரத்திற்கு வண்டி ஓடியது. கப்பலும் அங்கிருந்தே தலைமன்னார் செல்லலாயிற்று. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட நம்மவரும் அவ்வழியே வந்து இறங்கினர். தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் இடப்படவில்லை. அவ்வூர் மக்கள் வாழத் தகுதியற்றது என அரசு அறிவித்தது.

துறைமுகத்தைப் பொறுத்தவரை அம்முடிவு சரியே என்பது என் துணிபு. கால்வெஸ்டனைப்போல் உயர்த்துவதற்கு அங்கே அகலமான நிலம் இல்லை. கப்பலுக்கு வேறிடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அம்மணலில் துறைமுகத்தை நம்பாத குடிகளும் இருந்தனர். மீனவனுக்கு அவன் வலை விழும் கடலே ஊர். அவர்கள் திரும்பி வந்து குடிசை போட்டனர். கோப்புகளோடு காலங்கழிக்கும் என்போன்றோர் ஒன்றை நன்கறிவோம். 'வாழத் தகுதியற்றது' என்று எழுதுவது எளிது. அதன்கீழ், 'ஆகவே அங்கு வாழ்வோர்க்கு' என்று தொடங்கி அடுத்த வரியை எழுதுவதுதான் கடினம். எழுதப்படாத அவ்வரியால் பல்லாண்டுகள் அவர்களுக்குச் சாலையில்லை, மின்விளக்கில்லை. மணலைத் தோண்டி ஊறும் நன்னீரை அள்ளிக் குடித்தனர். ஊரைக் காக்கவும் இல்லை, குடிகளை முறையாக வேறிடத்தில் அமர்த்தவும் இல்லை. இரண்டு முடிவுகளில் எதை எடுத்திருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

கானிங்கின் கதை இவ்வாறு முடியவில்லை. நட்டம் தாளாத கம்பெனி இருப்புப்பாதையை அரசிடம் ஒப்படைத்தது. துறைமுகம் போனபின்னும் அப்பாதை எஞ்சி நின்றது. சுந்தரவனத்து மீனும் தேனும் மரமும் கல்கத்தாவுக்கு வர அதுவே வழியாயிற்று. ஊர் சந்தையாக வளர்ந்தது. கானிங்குக்குப் பின்னால் அத்தகைய வளமான நாடு இருந்தது, தனுஷ்கோடிக்கு முன்னும் பின்னும் கடலே என்று ஒருவர் மறுக்கலாம்; அது நியாயமான மறுப்பே. கானிங் அச்சம் நீங்கிய ஊருமன்று. 2009இல் ஐலாவும் 2020இல் அம்பானும் அப்பகுதியைச் சூறையாடின. ஆயினும் விடியற்காலையில் நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் பலர் கானிங் வண்டியில்தான் வருகின்றனர்.

தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போடப்பட்டது. 2019இல் ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டினர். மணல் திட்டின் இயற்கைச் சூழல் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது, பாதை அமையவில்லை. இடிந்த மாதாகோவிலைக் காண வரும் சுற்றுலாப் பயணிகள், பாதுகாப்புக் கருதி, பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும் என்பது அங்கே விதி. மீனவக் குடும்பங்கள் இரவிலும் அங்கேயே தங்குகின்றன.