வேர்க் கோப்பமைப்பு: ஒரு தேர்வின் வரலாறு

மன்னாரின் மாதோட்ட நிலப்பரப்பிலே உள்ள கட்டுக்கரைக் குளம் பழம்பெருமை வாய்ந்தது. அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணையிலிருந்து வாய்க்கால் வழியாகப் பெறும் இக்குளம், நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானியராற் புதுக்கப்பட்டது. கட்டினாற் போதாது, காப்போரும் வேண்டும் என்பதற்கு அது சான்றாகும். இவ்வுண்மை கணினியுலகின் வரலாற்றிலும் விளங்கக் காணலாம்.

இன்று மன்னார்த் தீவிலே ஒருவர் அனுப்பும் மடலும் படமும் தொலைவிலுள்ள சேவைக் கணினிகளிற் சென்று தங்குகின்றன. 'மேகம்' எனப்படும் அம்முறையில், ஒருமுறை ஆக்கிய மூலப்படிமத்திலிருந்து எண்ணற்ற கணினிகள் படியெடுக்கப்படுகின்றன. எந்தக் கோப்பு வட்டில் எங்கே உளது என வரையறுப்பது கோப்பமைப்பு. ஏனையவெல்லாம் கிளைத்தற்கு இடமாவது வேர்க் கோப்பமைப்பு. ஆகவே, படிமத்தை ஆக்குவோர் செய்யும் ஒரு தேர்வு, அதனை அறியாத பல்லாயிரவரின் பதிவேடுகளையும் தாங்குகின்றது.

லினக்சு 1991இற் பிறந்தபோது மினிக்சின் கோப்பமைப்பையே கைக்கொண்டது. அது 64 மெகாபைற்றுக்கு மேற்பட்ட வட்டுப் பகுதியை ஆளமாட்டாது. அக்குறை நீக்க ரெமி கார்டு என்பார் 1992இல் 'எக்ஸ்ட்' முறையை ஆக்கினார். அதன் வழித்தோன்றலாகிய எக்ஸ்ட்4 2008இல் நிலைபெற்றது. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1994இல் வெளியிட்ட எக்ஸ்.எவ்.எஸ். 2001இல் லினக்சுக்கு வந்தது. கிறிஸ் மேசன் 2007இல் அறிவித்த பி.டி.ஆர்.எவ்.எஸ். மூன்றாவதாகும்.

மேகப் படிமம் எளிதில் அனுப்பப்படுதற்பொருட்டுச் சிறிதாக ஆக்கப்பட்டு, முதன்முறை இயங்கும்போது வட்டின் அளவுக்கு விரிக்கப்படும். விரிதல் மூன்றுக்கும் இயலும். சுருங்குதலிலோ வேறுபாடு உண்டு. எக்ஸ்.எவ்.எஸ். பெரிதாயபின் மீண்டுஞ் சிறிதாதல் பெரும்பாலும் இயலாது. எக்ஸ்ட்4 பயன்பாட்டினின்று விலக்கப்பட்ட நிலையிற் சுருங்கும். பி.டி.ஆர்.எவ்.எஸ். இயங்கிக்கொண்டே சுருங்கும், தரவை இறுக்கி இடத்தை மிச்சப்படுத்தும், தரவு பழுதுற்றதைக் கூட்டுச் சரிபார்ப்பால் அறியும்.

அங்ஙனமாயின் எல்லோரும் அதனையே தெரிந்தனரோவெனின், இல்லை. 2014இல் சூசே நிறுவனம் பி.டி.ஆர்.எவ்.எஸ். முறையைத் தன் சேவைக் கணினிகளின் வேராகக் கொண்டது. அதே ஆண்டில் ரெட் ஹாட் எக்ஸ்.எவ்.எஸ். முறையைக் கொண்டது, 2019இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பிற் பி.டி.ஆர்.எவ்.எஸ். முறையை அறவே நீக்கிற்று. ஆயினும் ரெட் ஹாட்டின் ஆதரவில் வளர்ந்த பெடோரா, 2020இல் மேசைக் கணினிகளுக்கும் 2021இல் மேகப் படிமங்களுக்கும் அதனையே ஏற்றது.

ஒரே பொருளை ஒருவர் தள்ள மற்றொருவர் கொண்டமை வியப்பன்று. பழுது நேர்ந்தவிடத்துத் திருத்தவல்ல வல்லுநர் எம்முறைக்கு உளர் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் நோக்கவேண்டியிருந்தது. ஆதலின் வேரைத் தெரிவோர் வினவவேண்டிய முதல் வினா 'எது சிறந்தது' என்பதன்று. 'கரை உடையும் நாளில் அடைக்க வல்லார் யார்' என்பதே. குளத்துக்கும் கோப்புக்கும் இது பொதுவிதியாகும்.