நாவின் சுவையும் கதிர்ச் சிகிச்சையும்



மாவலியின் கிளையொன்று கடலை நாடும் இடத்தே அமைந்தது வெருகல். கதிர்காம யாத்திரிகர் சித்திர வேலாயுதரைத் தொழுது செல்லும் இவ்வூரிலும், கிழக்கிலங்கையின் ஏனைய ஊர்களிற் போலவே, வந்தவர்முன் வைக்கப்படுவது வெற்றிலை வட்டா. அவ்வுபசாரத்தின் மறுபக்கத்தை உலகம் உணரப் பல்லாண்டு சென்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் அத்தகையதே என்பதை 2004இல் வெளியிட்ட நூலில் உரைத்தது.

வாய்ப்புற்றைத் தீர்க்கும் கதிர்ச் சிகிச்சையின் வரலாறு அதனினும் மூத்தது. 1895இல் எக்ஸ் கதிரும், 1898இல் ரேடியமும் கண்டறியப்பட்டன. அந்நாள் வைத்தியர் கேட்ட வினா ஒன்றே: நோயாளி பிழைப்பாரா? அவர்தம் நாவைப் பற்றி வினவ அவகாசமில்லை. பின்னர் 1920களில், பாரிஸ் ரேடியம் நிலையத்தில் ரெகோ, கூத்தார் என்னும் அறிஞர், கதிரை ஒரேயடியாகச் செலுத்தாது நாள்தோறும் சிறுகச் சிறுகப் பகிர்ந்து செலுத்தினர். சூழ்ந்த நல்ல தசை தேறுதற்கு அதனால் இடைவெளி கிடைத்தது. நோயை அழிப்பதோடு உடலைக் காப்பதும் வைத்தியத்தின் கடன் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றிற்று.

ஆயினும் சுவை கெடுவது நிற்கவில்லை. சுவையரும்புகளின் உயிரணுக்கள் ஏறத்தாழப் பத்து நாளில் புதுப்பிக்கப்படுவன. கதிர் அதனைத் தடுக்கின்றது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வாடுகின்றன. உமிழ்நீரிற் கரையாத உணவின் சுவையை நா அறியாது. “சோறு மண்ணாய் இருக்கிறது” என்று நோயாளி தட்டைத் தள்ளுகின்றார், உடல் மெலிகின்றது, சிலர் சிகிச்சையையே இடைநடுவில் விடுகின்றனர். உயிருக்கு ஆபத்து அங்கேதான் உண்டு.

கன்னத்துச் சுரப்பிகளை விலக்கிக் கதிரை வடிவமைத்துச் செலுத்தும் முறை பின்னர் வந்தது. 2011இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், ஓராண்டின் பின் வாய் வறட்சியால் வருந்தியோர் பழைய முறையில் 74 வீதம். புதிய முறையில் 38 வீதம். துத்தநாக மாத்திரை சுவையைக் காக்கும் என்ற நம்பிக்கையோ, 2007இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் மெய்ப்படவில்லை.

ஆகவே நாம் செய்யத்தக்கவை எளியனவே. சிகிச்சைக்கு முன்னரே பல் வைத்தியரைக் காண்க. உப்பும் அப்பச்சோடாவும் சிறிது கலந்த நீரால் வாயை அடிக்கடி கொப்பளிக்க. இறைச்சி கசப்பின், முட்டை, பருப்பு, குளிர்ந்த தயிர் என மாற்றியுண்க. எடை குறையின் மறையாது வைத்தியரிடம் கூறுக. இழந்த சுவை பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் மெல்ல மீளும். சிலர்க்கு ஓராண்டும் செல்லும்.

தெல்லிப்பழையில் 2013இல் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தமை வடகிழக்கு மக்களுக்கு ஓர் ஆறுதல். அத்தகைய இடத்திற்குச் செல்லும் நம்மவர், “உயிர் தப்பினாற் போதும், நாவைப் பற்றிப் பேசுவதா?” என்று கூச வேண்டுவதில்லை. நூறாண்டுக்கு மேல் முயன்று வைத்தியம் கேட்கக் கற்றுக்கொண்ட வினா அது. அதற்கு விடை கூறுவது நோயாளியின் உரிமை.