சேலம், நாமக்கல் சமவெளியில் பிள்ளைகளின் வேடங்கள்

அக்டோபர் 31 அன்று மேலைநாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீன், அண்மைக் காலமாகச் சேலம், நாமக்கல் நகரங்களின் மழலையர் பள்ளிகள் சிலவற்றிலும் தலைகாட்டுகிறது. பிள்ளைக்குப் பேய் வேடம் போட்டு அனுப்புங்கள் என்று பள்ளியிலிருந்து செய்தி வருகிறது. இது என்ன புதுக் கூத்து என்று பாட்டிமார் கேட்கிறார்கள். பெயர் புதிதுதான். ஆனால் பிள்ளைக்கு வீட்டிலேயே வேடம் கட்டித் தெருவுக்கு அனுப்புவதும், வேடமிட்ட பிள்ளைக்கு அண்டை வீட்டார் கொடுத்து அனுப்புவதும், சுடுகாட்டு வாசலில் பேயையும் சாமியையும் ஒன்றாகக் காண்பதும் இந்தச் சமவெளிக்குப் பழக்கமானவை. 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்த இவ்விரு மாவட்டங்களிலும் அந்தப் பழக்கங்கள் எங்கெங்கே இருக்கின்றன, எப்படி மாறிவருகின்றன என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

பழைய சான்று

சிறுமிக்குத் தெய்வ வேடம் கட்டியதைத் தமிழில் விரிவாகச் சொல்லும் பழைய நூல் சிலப்பதிகாரம். மதுரைக் காண்டத்தின் வேட்டுவ வரியில் எயினர் தம் குலத்துச் சிறுமி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். குறுங்கூந்தலைச் சடைபோல் தூக்கிக் கட்டி, வெள்ளிப் பாம்பு சுற்றி, பன்றியின் வளைந்த கொம்பைப் பிறையாக வைக்கிறார்கள். புலிப்பல் கோத்த தாலி கழுத்தில். புலித்தோல் இடையில். கையில் வில்லைக் கொடுத்துக் கலைமான் மேல் ஏற்றுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பொருள்கள் வந்த இடம். வேட்டுவர் வீட்டில் என்ன கிடைக்குமோ அதைக் கொண்டே வேடம் அமைந்திருக்கிறது. பொன்னும் மணியும் இல்லாத வீட்டில் பன்றிக் கொம்பு நிலவாகிவிட்டது. வேடம் முடிந்த பின் படைக்கும் பொருள்களில் பாவை, கிளி, மயில், பந்து, கழங்கு ஆகியவையும் உண்டு. இவற்றில் பல சிறுமியர் விளையாடுபவை. இளங்கோவடிகள் இதை வேண்டுமென்றே வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புரட்டாசிச் சொம்பு

ஹாலோவீனுக்குக் காலத்தாலும் முறையாலும் மிக நெருங்கி நிற்பது புரட்டாசிச் சனிக்கிழமை. செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடியும் இம்மாதத்தில், பெருமாளைக் கும்பிடும் வீடுகளில் காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி நெற்றியில் நாமம் இடுவார்கள். நாமக்கட்டியைக் குழைத்து வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு. பித்தளைச் சொம்புக்கும் அதே நாமம், கழுத்தில் துளசிமாலை. இடுப்பில் மஞ்சள் துண்டு அல்லது அப்பாவின் மேல்துண்டு. வேடம் அவ்வளவுதான். அம்மாவோ பாட்டியோ பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளாகச் சேர்ந்து “கோவிந்தா, கோவிந்தா” என்று சொல்லிக்கொண்டு வாசல் வாசலாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி விழும். சில வீட்டில் காசும் விழும். அந்த அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் பெருமாளுக்குத் தளிகை போட்ட பிறகே வீட்டார் உண்பார்கள். வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருந்தாலும் அன்றைக்குப் பிள்ளை கையேந்தித்தான் ஆக வேண்டும். இல்லாதவன் கேட்பதற்கும் இருப்பவன் வேண்டுதலுக்காகக் கேட்பதற்கும் வாசலில் நிற்கும்போது வேறுபாடு தெரியாது. அந்தக் கூச்சத்தைப் பிள்ளை ஒருமுறையாவது அறியட்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்பழக்கத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் சொல்வதில்லை. வீடு வீடாக என்றால் ஊரில் உள்ள எல்லா வீடும் அல்ல. சொம்பு தன் தெருவையும் தனக்கு ஒத்த தெருக்களையும் சுற்றி வந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையே அது நடந்ததில்லை. எந்தத் தெருவோடு திரும்பி வந்துவிட வேண்டும் என்பதை நாமம் இடும்போதே பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். சாதி என்பது பிள்ளைக்கு இப்படியும் கற்பிக்கப்பட்டது. 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்து கோயில் கதவுகள் சட்டப்படி திறந்தன. தெருக்களின் கதவு அவ்வளவு விரைவாகத் திறக்கவில்லை. இன்று நகர்ப்புறக் குடியிருப்புகளில், பக்கத்து வீட்டார் யார் என்றே தெரியாத இடங்களில், சொம்பு ஏந்தும் பிள்ளைகள் எல்லாக் கதவையும் தட்டுகிறார்கள். பழக்கம் சுருங்கிவரும் காலத்தில்தான் அதன் எல்லை விரிந்திருக்கிறது.

வண்டி வேடிக்கை

சேலத்தின் ஆடித் திருவிழா கோட்டை மாரியம்மனை முதன்மையாகக் கொண்டது. எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்கும் அவளே தலைமை என்பது ஊர் வழக்கு. திருமணிமுத்தாற்றங்கரையில் உள்ள அவள் கோயிலில் பூச்சாட்டியதும் மற்றப் பேட்டைகளிலும் விழா களைகட்டும். உள்ளூர் விடுமுறை விடும் அளவுக்குப் பெரிய விழா இது. அதில் குகைப் பகுதி மாரியம்மன், காளியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கை தனிச்சிறப்புடையது. நூறாண்டைத் தாண்டிய மரபு என்று ஊரார் சொல்கிறார்கள். அம்மாபேட்டையிலும் இது நடக்கும்.

முன்பு மாட்டுவண்டிகள், இப்போது பெரும்பாலும் லாரிகளும் டிராக்டர்களும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு புராணக் காட்சி: கயிலாயம், மகிடாசுரன் வதம், மீனாட்சி திருக்கல்யாணம் என்று. காட்சியில் இருப்பவை பொம்மைகள் அல்ல, ஊர்க்காரர்கள். அம்மன் வேடம் உட்படப் பெண் வேடங்களை ஆண்களே ஏற்பது வழக்கம். விளக்கொளியில் இரவு நெடுநேரம் கோயிலைச் சுற்றி வரும் வண்டிகளில் அவர்கள் அசையாமல் நிற்பார்கள். கூட்டம் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடும். சிறந்த வண்டிகளுக்குப் பரிசும் உண்டு. பிள்ளைகளுக்குக் கிடைப்பவை பாலமுருகன், கண்ணன் போன்ற வேடங்கள். ஐந்து வயதுப் பிள்ளையை நள்ளிரவு வரை அசையாமல் உட்கார வைப்பது எந்த ஆசிரியராலும் ஆகாத காரியம். அதை அந்த வண்டிகள் செய்கின்றன.

குகையும் அம்மாபேட்டையும் நெசவாளர் பேட்டைகள். துணி, நூல், சரிகை ஆகியவற்றோடு அன்றாடம் புழங்கிய வீடுகள். எந்த நிறத்துக்கு எந்தக் கரை பொருந்தும் என்பதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அல்லர். இம்மரபு அங்கே ஊன்றி நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆடியில் மாரியம்மனுக்கு ஏன் இத்தனை வேடிக்கை என்பதற்கு அம்மை நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975-இல். உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980-இல். அதற்கு முன், பிள்ளை பிழைத்தால் வேடம் கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்ட தாய்க்கு அது விளையாட்டுப் பேச்சல்ல. நோய் போய்விட்டது, வேண்டுதல் வேறு நோய்களுக்கும் தேர்வுகளுக்கும் மாறியிருக்கிறது.

மயானக் கொள்ளை

பேயும் பிணமும் கலந்த விழா வேண்டுமென்றால் மாசி மாதத்துக்கு வர வேண்டும். மகாசிவராத்திரியை அடுத்த அமாவாசையில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு, இட்ட சோற்றையெல்லாம் அதுவே தின்றது. அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைக்க, அதை உண்ண இறங்கிய கபாலத்தை அவள் மிதித்து அடக்கினாள் என்பது கதை. மேல்மலையனூர் இதற்குப் பேர்பெற்றது. சேலத்தில் காக்காயன் சுடுகாட்டை நோக்கி ஊர்வலங்கள் செல்லும். காளியாகவும் அங்காளம்மனாகவும் வேடமிட்டவர்கள் முகத்தில் வண்ணம் பூசி, நாக்கைத் தொங்கவிட்டு ஆடி வருவார்கள். உயிர்க்கோழியைக் கடிப்பதும் உண்டு. நோய் தீர வேண்டித் தரையில் படுப்பவர்களை வேடமிட்டவர்கள் தாண்டிச் செல்வார்கள். சுடுகாட்டில் இறைக்கும் சுண்டலையும் தானியத்தையும் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்குவார்கள்.

சிறு பிள்ளைக்கு இது ஏற்ற காட்சியா என்று கேட்டால், குருதி தோய்ந்த பகுதி ஏற்றதல்ல என்பதே என் கருத்து. ஆனால் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் காளியைப் பார்த்த பிள்ளை, மறுநாள் அவரைத் தேநீர்க் கடையில் சாதாரணச் சட்டையோடு காணும். சாயம் காதோரத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

ஹாலோவீன் வந்த வழி

அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில் இறந்தோர் திரும்பி வருவதாக நம்பினார்கள். அந்தப் பழைய விழாவின் பெயர் சாவின். கிறித்தவத் திருச்சபை நவம்பர் 1-ஐப் புனிதர் அனைவரின் நாளாகவும், நவம்பர் 2-ஐ இறந்தோர் நாளாகவும் வைத்தது. பின்னதை நம் ஊர்க் கிறித்தவர்கள் கல்லறைத் திருநாள் என்று அனுசரிக்கிறார்கள். அன்று மாலை சேலத்துக் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்தி எரிவதைக் காணலாம். ஆக ஹாலோவீனின் அக்கா ஏற்கெனவே நம் ஊரில் குடியிருக்கிறாள்; தங்கைதான் புதிதாக வந்திருக்கிறாள்.

1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்தியர் இதைத் தங்களோடு கொண்டுபோனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பூசணி வாய்த்தது. 1909-இல் அமெரிக்காவின் டெனிசன் என்ற காகித நிறுவனம், சுருக்கத்தாளைக் கொண்டு வீட்டிலேயே வேடம் செய்வதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டது. அது நன்றாகப் போனதால் பின்னரும் தொடர்ந்து வந்தது. நோக்கம் காகித வியாபாரம்தான் என்றாலும் வேடத்தைத் தைத்தவர்கள் தாய்மார்களே. கடையில் ஆயத்தமாக வாங்கும் வேடம் பரவலானது அதற்குப் பிறகு.

அட்டைக் கிரீடமும் வாடகைக் கடையும்

நம் ஊரிலும் அதே கதை சற்றுத் தாமதமாக நடந்திருக்கிறது. தெருக்கூத்துக் கலைஞர்கள் கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கினார்கள். எடை குறைவு என்பதால் இரவு முழுவதும் ஆட முடிந்தது. முகத்துக்குப் பூசிய அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம், நஞ்சுடையது. பிள்ளைகள் முகத்துக்கு அறவே ஆகாது. வீட்டு வேடத்துக்கு மஞ்சளும் குங்குமமும் விளக்கில் பிடித்த மையும் போதுமானவையாக இருந்தன.

பள்ளிகளின் மாறுவேடப் போட்டிகள் இதையே பின்பற்றின. பஞ்சில் ஔவையாரின் நரைமுடி உருவாகும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் கிரீடம் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டப்படும். பாரதிக்கு அப்பாவின் கோட்டு, பாட்டியின் கண்மை. 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் வந்த பிறகு கட்டபொம்மன் இல்லாத போட்டியே இல்லை. மேடையேறி வசனம் மறந்து மீசையைப் பிடித்துக்கொண்டு அழுத கட்டபொம்மன்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிறகு வாடகை உடைக் கடைகள் வந்தன. நாளொன்றுக்கு இவ்வளவு, முன்பணம் இவ்வளவு. உடைகள் பளபளவென்று இருந்தன, பரிசும் அவற்றுக்கே போயிற்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வாடகை உடையில்தான் வர வேண்டும் என்று சுற்றறிக்கை போட்ட ஆண்டு, போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் அன்றைக்கு மட்டும் வரவில்லை. மறுநாள் காய்ச்சல் என்றாள். முந்தின ஆண்டு அவள் அம்மா பழைய சேலையில் தைத்துக் கொடுத்த உடையில் வேலுநாச்சியாராக வந்து அரங்கையே அடக்கியவள் அவள்.

ஹாலோவீன் கேட்கும் மழலையர் பள்ளிகளும் இப்போது இணையக் கடைகளில் விற்கும் கறுப்பு அங்கியையும் ரப்பர் முகமூடியையும் எதிர்பார்க்கின்றன. பழைய வெள்ளை வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டால் அயர்லாந்துப் பேய் வந்துவிடும். சாம்பல் பூசணியைக் குடைந்து விளக்கு வைக்கலாம். திருஷ்டிப் பூசணிக்குக் கண்ணும் மூக்கும் எழுதிப் பழகிய கைகளுக்கு அது பெரிய வேலையல்ல. குடைந்தெடுத்த சதையை அன்று மாலையே மோர்க்குழம்பில் போட்டுவிடலாம்.