பாப் டிலனின் நியூபோர்ட் கிதார்

நியூபோர்ட் கிதார் என்பது அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான பாப் டிலன் 1965ஆம் ஆண்டு நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில் வாசித்ததாக அடையாளம் காணப்பட்ட மின்கிதார் ஆகும். இது ஃபென்டர் நிறுவனம் 1964இல் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் வகையைச் சேர்ந்தது. நடுவில் மஞ்சளாகத் தொடங்கி, சிவப்பாகி, விளிம்பில் கருமையடையும் 'சன்பர்ஸ்ட்' பூச்சு கொண்டது. ஏறத்தாழ 47 ஆண்டுகள் பொதுமக்கள் பார்வையில் படாதிருந்த இக்கிதார், 2012இல் ஆராயப்பட்டு, 2013இல் ஏலம் விடப்பட்டது.

== பின்னணி ==

சூலை 25, 1965 அன்று ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் டிலன் மின்னிசைக் குழுவுடன் மேடையேறினார். அதுவரை அவர் மரக்கிதாரும் வாய் ஆர்மோனிக்காவும் கொண்டு பாடும் நாட்டாரிசைக் கலைஞராகவே அறியப்பட்டிருந்தார். மைக் புளூம்ஃபீல்டு, அல் கூப்பர் முதலியோர் உடன் வாசிக்க மூன்று பாடல்களைப் பாடினார். கூட்டத்தில் எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. கூச்சலுக்குக் காரணம் மின்கிதாரா, மோசமான ஒலியமைப்பா, நிகழ்ச்சியின் குறுகிய நேரமா என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது. பின்னர் அவர் மரக்கிதாருடன் திரும்பிவந்து மேலும் இரு பாடல்களைப் பாடினார். ராக் இசை வரலாற்றில் இந்நிகழ்ச்சி ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுவதால், அக்கிதாரும் வெறும் இசைக்கருவி என்ற நிலையைக் கடந்துவிட்டது.

== கிதார் கிடைத்த விதம் ==

டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மனின் கலைஞர்களைத் தனி வானூர்தியில் ஏற்றிச் சென்ற வானோடி ஒருவரின் குடும்பத்திடம் இக்கிதார் இருந்தது. கருவி வானூர்தியில் விட்டுச்செல்லப்பட்டது என்றும், வானோடி தகவல் தெரிவித்தும் எவரும் அதைப் பெற்றுக்கொள்ள வரவில்லை என்றும் அக்குடும்பம் கூறியது. கிதார்ப் பெட்டியின் மேல் டிலனின் நிறுவனமான 'ஆஷஸ் அண்ட் சாண்ட்' என்பதன் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பெட்டியினுள் கையாலும் தட்டச்சாலும் எழுதப்பட்ட பாடல் வரிகளின் தாள்கள் இருந்தன.

== காலக்கணிப்பு ==

ஃபென்டர் கிதார்களில் உடற்பகுதியும் கழுத்தும் தனித்தனியே செய்யப்பட்டு, நான்கு திருகாணிகளால் இணைக்கப்படுகின்றன. இதனால் ஒரு கிதாரின் கழுத்தைக் கழற்றி மற்றொன்றில் பொருத்துவது எளிது. எனவே ஒரு பகுதியில் கிடைக்கும் ஆண்டைக் கொண்டு முழுக் கருவியின் வயதையும் முடிவு செய்ய இயலாது. ஆய்வாளர்கள் பொதுவாகப் பின்வருவனவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவர்.

முதலாவது, கழுத்துத் தகட்டில் உள்ள தொடர் எண். 1962இன் இறுதியிலிருந்து 1965 வரை இவ்வெண்கள் 'எல்' என்ற எழுத்துடன் தொடங்கின. ஆயினும் தொழிலாளர்கள் தகடுகளைக் குவியலிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பொருத்தியதால் எண்கள் கால வரிசைப்படி அமையவில்லை. தொடர் எண் மட்டும் தோராயமான காலத்தையே தரும்.

இரண்டாவது, கழுத்தின் அடிப்பகுதியில் உள்ள முத்திரை. கழுத்தைக் கழற்றினால் மட்டுமே இது தெரியும். 1962க்கு முன் பென்சிலால் எழுதப்பட்டு வந்த தேதி, அவ்வாண்டு முதல் மை முத்திரையாகக் குத்தப்பட்டது. எடுத்துக்காட்டாக, '2 ஏப்ரல் 64 பி' என்ற முத்திரையில் 2 என்பது நாள் அன்று. அது ஸ்ட்ராடோகாஸ்டர் கழுத்தைக் குறிக்கும் குறியீடு. இறுதி எழுத்து கழுத்தின் அகலத்தைக் காட்டும். பலர் இதை ஏப்ரல் 2ஆம் நாள் எனத் தவறாகப் படிக்கின்றனர். மேலும், இது கழுத்து செய்யப்பட்ட காலமே தவிர, கிதார் முழுமை பெற்ற காலம் அன்று.

மூன்றாவது, ஒலியளவுத் திருகிகளின் கீழுள்ள மின்தடைமாற்றிகள். இவற்றின் உறையில் பதித்த எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரையும், அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 3046320 எனில் ஸ்டாக்போல் நிறுவனம், 1963, 20ஆம் வாரம். இவை மொத்தமாக வாங்கி வைக்கப்பட்டவையாதலால், கிதார் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். பற்றவைப்பு ஈயம் பின்னாளில் உருக்கப்பட்டிருந்தால் அச்சான்றும் வலுவிழக்கும்.

பூச்சின் மீது புறஊதா ஒளி பாய்ச்சுவதும் வழக்கம். பழைய நைட்ரோசெல்லுலோசு பூச்சு மங்கிய பசுமஞ்சளாக ஒளிரும். பின்னர் பூசப்பட்ட இடங்கள் வேறுபட்டுத் தோன்றும்.

ஃபென்டரை சி.பி.எஸ். நிறுவனம் சனவரி 1965இல் வாங்கியது. அதற்கு முற்பட்ட கருவிகள் சந்தையில் உயர்வாக மதிக்கப்படுவதால், ஓராண்டு வேறுபாடு கூட விலையைப் பெரிதும் மாற்றக்கூடியது.

== உரிமையாளரை உறுதிசெய்தல் ==

ஒரு கிதார் 1964இல் செய்யப்பட்டது என்பதால் அது டிலனுடையது என்றாகிவிடாது. அதே ஆண்டில் அதே நிறத்தில் பல கிதார்கள் வெளிவந்தன. இச்சிக்கலை 'ஹிஸ்டரி டிடெக்டிவ்ஸ்' என்ற பி.பி.எஸ். தொலைக்காட்சித் தொடருக்காக, இசைக்கருவி வரலாற்றாளர் ஆன்டி பாபியுக் 2012இல் ஆராய்ந்தார். 1965ஆம் ஆண்டின் வண்ண நிழற்படங்களில் தெரிந்த விரற்பலகையின் மர வரிகளை அவர் இக்கிதாருடன் ஒப்பிட்டார். ரோஸ்வுட் மரத்தின் வரிகள், கைரேகை போல, ஒவ்வொரு துண்டிலும் மாறுபடுபவை. சன்பர்ஸ்ட் பூச்சும் கையால் தெளிக்கப்பட்டதால் எந்த இரு கிதார்களிலும் ஒரே மாதிரி அமையாது. இரண்டும் பொருந்தியதாக அவர் முடிவு செய்தார்.

டிலன் தரப்பு இதை மறுத்தது. நியூபோர்ட்டில் வாசித்த கிதார் டிலனிடமே உள்ளது என்றும், அக்காலத்தில் அவருடைய வேறு சில ஸ்ட்ராடோகாஸ்டர்கள் திருடப்பட்டன என்றும் அவரது வழக்கறிஞர் கூறினார். மர வரிகள் கருவியை அடையாளம் காட்டலாம். ஆனால் விட்டுச்செல்லப்பட்ட பொருள் யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அவற்றால் விடை கூற இயலாது. 2013இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

== ஏலம் ==

திசம்பர் 6, 2013 அன்று நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனத்தில் இக்கிதார் 9,65,000 டாலருக்கு விற்பனையானது. முன்மதிப்பீடு 3 முதல் 5 இலட்சம் டாலராக இருந்தது. 2004இல் எரிக் கிளாப்டனின் 'பிளாக்கி' கிதார் பெற்ற 9,59,500 டாலரை இது சற்றே விஞ்சியது. 2019இல் டேவிட் கில்மரின் கருநிற ஸ்ட்ராடோகாஸ்டர் 39,75,000 டாலருக்கு விற்கப்பட்டபோது இத்தொகை வெகுவாகப் பின்தங்கியது. வாங்கியவர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கால்பந்து அணியின் உரிமையாளர் ஜிம் இர்சே என்பது பின்னர் தெரியவந்தது. அவர் 2025இல் காலமானார். பெட்டியில் இருந்த பாடல் தாள்களும் அதே ஏலத்தில் வைக்கப்பட்டன, அவற்றில் பெரும்பாலானவை விலைபோகவில்லை.