அடுப்பும் அங்காடியும்

மதுரையில் ஆவணி மூலத் திருநாளையொட்டிப் பிட்டுத் திருவிழா நடைபெறுவதை நேயர்கள் அறிவர். அதன் கதையும் நமக்குப் புதிதன்று. வையை பெருகிக் கரையை உடைத்தபொழுது, உடைந்த கரையைக் குடிகளுக்குப் பங்கிட்டு அளந்து, அவரவர் பங்கை அவரவர் அடைக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான். வந்தி என்னும் மூதாட்டிக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்கு மகன் இல்லை, சுற்றம் இல்லை, நாள்தோறும் பிட்டு அவித்து விற்றுப் பிழைப்பவள். உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்றுக்கொண்டு சிவபெருமான் அவளுக்காக மண் சுமந்தார் என்றும், மன்னன் அவரைப் பிரம்பால் அடிக்க அவ்வடி அனைவர் முதுகிலும் பட்டது என்றும் திருவிளையாடற் புராணம் கூறும்.

இக்கதையை நாம் பக்தியோடு கேட்டு மகிழ்கிறோம். ஆயினும் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்த எனக்கு இதில் மற்றொரு செய்தியும் தோன்றுவதுண்டு. மன்னன் இட்ட ஆணை தீய ஆணையன்று. வெள்ளத்தைத் தடுக்காவிட்டால் நகரே அழிந்துவிடும். ஆனால் பத்து ஆள் உள்ள வீட்டுக்கும் ஒரு கிழவி மட்டும் வாழும் குடிசைக்கும் பங்கு உண்டு என்று வகுத்தபோது, நல்ல நோக்கத்தோடு பிறந்த அவ்வாணை ஏழையின்மேல் தாங்கொணாத பாரமாக விழுந்தது. வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சந்தையில் விற்கும் பெண்மீது அரசின் சட்டம் எவ்வாறு வந்து விழுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கு எழுத்தில் தொடர்ச்சியாகப் பதிவான வரலாறு மேல்நாட்டில் இருக்கிறது. அங்கே பிட்டின் இடத்தில் இருப்பது ரொட்டி. ஆகவே சிறிது நேரம் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று வருவோம்.

இங்கிலாந்தில் மூன்றாம் ஹென்றி மன்னன் காலத்தில், ஏறத்தாழ 1266ஆம் ஆண்டில், ரொட்டிக்கும் பீர் என்னும் மதுவுக்கும் அளவும் விலையும் வகுக்கும் சட்டம் ஒன்று பிறந்தது. அதன் ஏற்பாடு விந்தையானது. இக்காலத்தில் கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் விலையும் ஏறுகிறது. அச்சட்டத்தின்படி ரொட்டியின் விலை மாறுவதில்லை, எடைதான் மாறும். ஃபார்திங் என்னும் சிறு காசு ஒன்றுக்கு ஒரு ரொட்டி. கோதுமை மலிந்தால் ரொட்டி பெருக்கும். கோதுமை அருகினால் ரொட்டி சிறுக்கும். இன்ன விலைக்குக் கோதுமை விற்றால் ரொட்டி இன்ன எடை இருத்தல் வேண்டும் என்று வாய்பாடே எழுதி வைத்தார்கள். எடை குறைத்தவனுக்கு முதலில் தண்டம். குற்றம் பெரிதானாலும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தாலும், கழுத்தையும் கைகளையும் பலகைத் துளையில் மாட்டி ஊரார் நடுவே நிறுத்தும் தொழுமரம்.

அக்காலத்தில் ஏழைகளின் வீடுகளில் ரொட்டி அடுப்பு இருப்பது அரிது. அடுப்புடையவன் சுட்டுத் தருவான். அதனைக் கூடையில் ஏந்திச் சந்தையிலும் தெருவிலும் விற்பவர்களுள் பலர் பெண்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு ரொட்டியின் விலைக்குப் பதின்மூன்று கொடுப்பது வழக்கம். அந்தப் பதின்மூன்றாவது ரொட்டியே அவர்களுடைய ஊதியம். இன்றும் ஆங்கிலத்தில் பதின்மூன்றை 'ரொட்டிக்காரனின் டஜன்' என்று சொல்வார்கள். எடை குறைந்து தண்டனைக்கு ஆளாகிவிடக் கூடாதே என்னும் அச்சத்தால் ஒன்று கூட்டிக் கொடுத்தார்கள் என்று அதற்கு வேறொரு காரணமும் கூறப்படுகிறது. எது மெய்யாயினும், ஒரு பெண்ணின் நாட்கூலி ஒற்றை ரொட்டியில் அடங்கியிருந்தது என்பது எண்ணத் தக்கது.

ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகள் நின்ற அச்சட்டம் 1836ஆம் ஆண்டில் நாடெங்கும் கைவிடப்பட்டது. அதற்குள் தொல்லையின் வடிவமும் மாறிவிட்டது. நகரங்கள் பெருத்தன. ரொட்டி சுட்டவன் முகத்தை வாங்குபவன் அறியாத காலம் வந்தது. எடை சரியாக இருந்தது. உள்ளிருந்த பொருள்தான் சரியாக இல்லை. மட்டமான மாவை வெண்மையாகக் காட்டப் படிகாரம் கலந்தார்கள். இலண்டனில் வாழ்ந்த அக்கும் என்னும் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் 1820இல் உணவுக் கலப்படத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி இதனை வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஹாசல் என்னும் மருத்துவர் கடை கடையாகப் பொருள்களை வாங்கி, நுண்பெருக்காடியில் ஆராய்ந்து, தம் முடிவுகளை 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். இவ்வுழைப்பின் பயனாக 1860இலும், பின்னர் இன்னும் உறுதியாக 1875இலும், கலப்படத்தைத் தடுக்கும் சட்டங்கள் நிறைவேறின. அமெரிக்காவிலும் 1906இல் தூய உணவுச் சட்டம் வந்தது. இவை யாவும் மக்களின் உயிரைக் காத்த சட்டங்கள். இவற்றைக் குறை கூறுவோர் வரலாறு அறியாதவரே ஆவர்.

இனி, வீட்டு அடுப்பின் பக்கம் திரும்புவோம். கனடாவில் ஸ்டோனி கிரீக் என்னும் சிற்றூரில் 1897இல் குடியானவர் வீட்டுப் பெண்கள் கூடி ஒரு மாதர் கழகம் நிறுவினார்கள். அக்கருத்து கடல் கடந்து, 1915இல் வேல்சு நாட்டின் ஆங்கிள்சீ தீவில் பிரிட்டனின் முதற்கழகமாக உருப்பெற்றது. அது முதல் உலகப் போர்க் காலம். உணவு அருமையாக இருந்தது. தோட்டத்தில் மிகுந்த காயும் கனியும் வீணாகாமல் காக்கப் பெண்கள் கற்றார்கள். போர் முடிந்ததும், 1919இல், சசெக்ஸ் மாவட்டத்து லூயிஸ் என்னும் ஊரில் இக்கழகத்தாரின் முதற்சந்தை கூடியது. தோட்டத்துக் கீரை, கோழி முட்டை, பழப்பாகு, வீட்டில் சுட்ட கேக்கு ஆகியவை ஒரே மேசையில் விலைக்கு வந்தன. 1930களில் இச்சந்தைகள் கூட்டுறவு முறையில் அமைந்தன. ஒரு ஷில்லிங் செலுத்தினால் பங்காளி ஆகலாம். தனியொரு பெண் கடை வைக்க முதல் வேண்டும்; வாடகை வேண்டும்; நாள் முழுதும் நிற்க வேண்டும். கூட்டுறவு இம்மூன்றையும் பகிர்ந்து எளிதாக்கியது. இருபது கேக்கு சுட முடிந்தவளும் இரண்டே சுட முடிந்தவளும் ஒரே மேசையில் வைத்து விற்றார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறாயிற்று. அங்கே உணவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் பெரும்பகுதி மாநிலங்களிடம் இருந்தது. விற்பனைக்கான உணவை உரிமம் பெற்ற தனிச் சமையற்கூடத்தில்தான் செய்ய வேண்டும் என்று பல மாநிலங்கள் விதித்தன. பெரிய தொழிற்சாலைக்கு அவ்விதி தகும். ஆனால் வாரத்துக்கு நாற்பது ரொட்டி சுடும் பெண் அதற்கென்று தனிக் கட்டடம் எழுப்புவது எங்ஙனம்? எழுப்பினால் அவள் சுடும் ரொட்டி அனைத்தும் அக்கடனுக்கே போதாது. விதி அவளைத் திருத்தவில்லை. அவள் கடையை மூடியது. அல்லது ஒளிந்து விற்கச் செய்தது.

இதற்கிடையில் உழவர் சந்தைகள் மீண்டும் தழைக்கத் தொடங்கின. உழவர் நேரே மக்களுக்கு விற்பதை ஊக்கும் சட்டமொன்றை அமெரிக்கக் காங்கிரசு 1976இல் இயற்றியது. அவ்வாண்டிலேயே நியூயார்க் நகரிலும் அத்தகைய சந்தைகள் தொடங்கின. 1994இல் நாடு முழுதும் 1,755 சந்தைகள் கணக்கிடப்பட்டன. 2014இல் அவை 8,268 ஆயின. காய்கறிக்கு ஓர் இடம் கிடைத்ததும், உழவன் மனைவி சுட்ட ரொட்டியும் அதன் அருகில் இடம் கேட்டது. நம் தமிழ்நாட்டிலும் 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதை நேயர்கள் நினைவுகூரலாம்.

அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழி விட்டன. கலிபோர்னியா 2012இல் இயற்றிய சட்டம் 2013 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் செய்த பண்டத்தை விற்கலாம். ஆனால் ஆண்டு விற்பனை முதலாண்டில் 35,000 டாலரையும், அடுத்த ஆண்டில் 45,000 டாலரையும், அதன்பின் 50,000 டாலரையும் கடத்தல் ஆகாது என்று அது வகுத்தது. பண்டத்தின் மேல் அதில் சேர்ந்த பொருள்களை எழுதி, வீட்டுச் சமையலறையில் செய்தது என்பதையும் குறிக்க வேண்டும். நேரே விற்பவருக்கு எளிய பதிவு. கடைகளின் வாயிலாக விற்பவருக்கு ஆண்டுதோறும் சோதனை. வாங்குபவர் செய்தவரின் முகத்தைக் காண்கிறாரா, இல்லையா என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

விஸ்கான்சின் மாநிலத்தில் கதை நீதிமன்றம் வரை சென்றது. அங்கே வீட்டில் செய்த பழப்பாகையும் ஊறுகாயையும் ஓரளவு விற்க இசைவு இருந்தது. தேவாலயம் முதலிய அறநிலையங்களுக்காகக் கேக்கு சுட்டு விற்பதற்கும் தடை இல்லை. ஆனால் ஒரு பெண் தன் பிழைப்புக்காக அதே கேக்கை விற்றால் ஆயிரம் டாலர் வரை தண்டமோ, ஆறு திங்கள் வரை சிறையோ நேரலாம். குடியானவப் பெண்கள் மூவர் 2016இல் வழக்குத் தொடுத்தனர். இத்தடைக்கும் மக்களின் உடல்நலத்துக்கும் பொருத்தமான தொடர்பு இல்லையென்று கண்டு, 2017இல் நீதிபதி அதனை நீக்கினார். இறுதியாக நின்றது நியூஜெர்சி. 2021 அக்டோபரில் அதுவும் விதிகளை மாற்றி, வீட்டில் சுட்டதை விற்க வழி செய்தது.

இங்கே நேயர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம். ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் இடம் கொடுத்தவர்கள் இறைச்சிப் பணியாரத்துக்கும் பாலேடு நிரப்பிய கேக்குக்கும் ஏன் கொடுக்கவில்லை? காரணம் அறிவியல் சார்ந்தது. நோய்க்கிருமி வளர ஈரம் வேண்டும். பிஸ்கட்டில் ஈரம் இல்லை. பழப்பாகில் ஈரம் உண்டெனினும், சருக்கரை அதைப் பிணித்து வைத்துக்கொள்கிறது. பழத்தின் புளிப்பும் கிருமிக்குப் பகை. ரொட்டி அடுப்பின் கடுஞ்சூட்டில் வேகிறது. நாள்பட்டால் பூசணம் பூத்துத் தன் கேட்டைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. பாலேடும் இறைச்சியும் அவ்வாறல்ல. குளிரில் வைக்காவிடின், நிறமும் மணமும் மாறாமலே நஞ்சாகக் கூடும். ஆகவே பல மாநிலங்கள் விற்பவரின் வறுமையை மட்டும் பாராமல், பண்டத்தின் இயல்பையும் பார்த்தே எல்லை வகுத்தன. இரக்கத்தால் மட்டும் செய்த சட்டமாக இருந்தால், முதற்குழந்தை நோயுற்ற அன்றே அது சரிந்திருக்கும்.

நம் நாட்டிலும் 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2011இல் அதன்கீழ் வகுத்த விதிகள், ஆண்டுக்கு 12 இலட்ச ரூபாய்க்கு உட்பட்ட விற்பனையுடைய சிறுவணிகர் உரிமம் பெற வேண்டியதில்லை, பதிவு செய்தால் போதும் என்றன. பெரியவர்க்கு ஒரு வழி, சிறியவர்க்கு ஒரு வழி என்னும் நெறி இதிலும் உண்டு.

நான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியின் வாயிலில், கொழுக்கட்டையும் பணியாரமும் விற்கும் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருப்பார். ஒரு கோடையில் பிள்ளைகள் பலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. வாயிலருகே விற்பவர் அனைவரையும் அன்றே அகற்றினேன். ஐஸ் விற்றவர், வெட்டிய பழம் விற்றவர், அவித்த கொழுக்கட்டை விற்றவர் என்ற வேறுபாட்டை நான் பார்க்கவில்லை. மறு வாரம் சோதித்ததில், பழுது எங்கள் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியிலேயே இருந்தது. தொட்டியைத் தூய்மை செய்தோம். அம்மூதாட்டியைத் தேடி ஆள் அனுப்பினேன். அவர் மகள் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்று நான் எண்ணியது தவறன்று. எதனிடமிருந்து காப்பது என்று ஆராயாமல் எளியவரிடம் முதலில் சென்றதே தவறு.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது இதுதான். வாங்குபவரைக் காக்கும் சட்டம் எந்நாளும் வேண்டும். தொழுமரம் தந்த அச்சமும் நுண்பெருக்காடி தந்த அறிவும் இல்லாவிடில் ஏழையின் வயிற்றுக்குப் படிகாரமே உணவாகியிருக்கும். ஆனால் அச்சட்டம் பண்டத்தின் இயல்பையும் தொழிலின் அளவையும் அறிந்து வருதல் வேண்டும். கரையை அடைக்க எல்லாரும் மண் சுமக்க வேண்டியதுதான். வந்தியின் பங்கை அளக்கும்போது மட்டும், அளப்பவன் ஒருமுறை அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அளக்கட்டும்.