கருவறைக் காட்சியும் தாய்மொழிச் சொல்லும்

மருத்துவ வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று. அக்கருவிகள் கண்டதை நோயாளிக்கு உணர்த்திய மொழியின் வரலாறுமாகும். இதனை யாழ்ப்பாணக் குடாநாடு நன்கறியும். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு, 1860களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1857இல், மோன்செல் என்பாரின் மகப்பேற்று மருத்துவநூல் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது.

அந்நாளில் கருவறை காணவொண்ணா உலகம். மருத்துவரின் கைக்கும் செவிக்கும் எட்டியதே அறிவாயிற்று. 1895இல் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் பின்னர் கருவின் என்புகளைக் காட்டியது; ஆயின் கருவிலே அக்கதிர் பட்ட குழந்தைகளிடையே புற்றுநோய் மிகுதியென 1950களில் அலிஸ் ஸ்ருவேட் எடுத்துரைத்தார். 1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவர்தம் கூட்டாளிகளும் கழியொலியாற் பெற்ற கருவின் படங்களை வெளியிட்டனர். 1972இல் ஸ்ருவேட் கம்பெல் குழுவினர், தலையோடும் மூளையும் சரிவர உருவாகாத பிறவிக் குறைபாட்டினை இம்முறையாற் கண்டறிந்தனர்.

எனினும் ஸ்கான் காட்டுவது உருவத்தையே, பரம்பரையலகை அன்று. அவயவங்கள் குறுகும் அரிய என்புநோய்கள் சில உருவத்திலே தடயம் காட்டும். குருதிநோயாகிய பேற்றா தலசீமியா காட்டாது. 11 முதல் 13 வரையான வாரங்களிற் கருவின் பிடரியிலுள்ள நீர்ப்படை தடித்திருப்பின் நிறமூர்த்தக் குறைபாடு ஐயுறப்படும். உறுதி வேண்டின் அமினியன் பாய்பொருளையோ சூல்வித்தக இழையத்தையோ ஆராய்தல் வேண்டும். ஐயம் வேறு, முடிவு வேறு என்பது தாய்க்குத் தெளிவாகச் சொல்லப்படுதல் அவசியம். அன்றேல், ஐயமொன்றே தீர்ப்பாகி அவளை வருத்தும்.

இலங்கையில் இக்கடமை மேலும் கனமானது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. எனவே முற்கூட்டி அறிதலின் பயன், பிரசவத்துக்குத் தகுந்த வைத்தியசாலையைத் தெரிதலும், பிறந்தவுடன் வேண்டிய சிகிச்சைக்கு ஆயத்தமாதலும், பெற்றோரின் மனத்தைத் திடப்படுத்தலுமே. இவை யாவும் சொல்லால் நிகழ்வன.

கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. 1978இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது. கற்பிக்கும் மொழி எதுவாயினும், ஸ்கான் அறையிற் படுத்திருக்கும் தாய் விடை எதிர்பார்ப்பது தமிழிலேயாம்.